பின்னோக்கி ஓடும் பஸ், உறைந்துபோகும் தண்ணீர்: வெப்ப, இயக்கக் கணக்குகளில் விடை எங்கே தவறுகிறது?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் மாணவர்களை அதிகம் திணறடிப்பவை இரண்டு வகை வீட்டுப்பாடக் கணக்குகள். பிரேக் போடும் வண்டி, மேலே எறிந்த கல் போன்ற இயக்கக் கணக்குகள் ஒரு வகை. சூடான நீரில் பனிக்கட்டியைப் போட்டால் கடைசியில் வெப்பநிலை என்ன என்று கேட்பவை இன்னொரு வகை. சூத்திரங்கள் மனப்பாடமாக இருக்கின்றன. எண்களையும் சரியாகத்தான் பொருத்துகிறார்கள். கூட்டல், பெருக்கலில் பிழையில்லை. ஆனாலும் விடை மட்டும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு ஒத்துப்போவதில்லை. உடனே ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது அநியாயமான முடிவு.

பெரும்பாலும் பிழை கணிதத்தில் இல்லை. கணக்கில் சொல்லப்படும் நிகழ்வு நடுவழியில் தன்மை மாறிவிடுகிறது. வண்டி நின்றுவிடுகிறது. பனிக்கட்டி உருகி முடிகிறது, அல்லது முழுதாக உருகாமலே நின்றுபோகிறது. சூத்திரத்துக்கு இது எதுவும் தெரியாது. நாம் நிறுத்தச் சொல்லும்வரை அது கணக்குப் போட்டுக்கொண்டே போகும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் இரண்டு அத்தியாயங்களும் ஒரே அத்தியாயம் போலத் தெரியத் தொடங்கும்.

முதலில் சொற்கள்

திசைவேகம் என்பது எவ்வளவு விரைவாக, எந்தத் திசையில் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்வது. அது ஒரு வினாடியில் எவ்வளவு மாறுகிறது என்பது முடுக்கம். வேகம் குறைந்துகொண்டே வந்தால் முடுக்கம் இயக்கத்துக்கு எதிர்த்திசையில் இருக்கிறது; கணக்கில் அதற்குக் கழித்தல் குறி வரும். ஒரு கிலோ பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம் தன்வெப்ப ஏற்புத்திறன். ஒரு கிலோ பொருளை, வெப்பநிலை மாறாமல், திண்மத்திலிருந்து திரவமாக மாற்றத் தேவையான வெப்பம் உருகுதலின் உள்ளுறை வெப்பம். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் முடுக்கத்தை ஆர்முடுகல் என்றும், உள்ளுறை வெப்பத்தை மறைவெப்பம் என்றும் அறிவார்கள்.

கீழே வரும் கணக்குகளில் எண்கள் எளிதாக அமைய, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்றும், நீரின் தன்வெப்ப ஏற்புத்திறனை 4,200 ஜூல் என்றும், பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பத்தைக் கிலோவுக்கு 3,36,000 ஜூல் என்றும் வைத்துக்கொள்கிறேன். துல்லிய மதிப்புகள் இவற்றிலிருந்து சிறிதே விலகும்.

நின்ற பிறகும் ஓடும் பஸ்

கணக்கு இது: மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பஸ்ஸின் ஓட்டுநர் பிரேக் போடுகிறார். வேகம் வினாடிக்கு 4 மீ/வி வீதம் குறைகிறது. பிரேக் போட்டு 8 வினாடிகள் ஆனபோது பஸ் எவ்வளவு தூரம் சென்றிருக்கும்?

முதல் வேலை அலகு மாற்றம். 72-ஐ 3.6 ஆல் வகுத்தால் 20 மீ/வி. பிறகு எல்லோரும் எழுதும் சூத்திரம்:

தூரம் = (ஆரம்ப வேகம் × நேரம்) + (½ × முடுக்கம் × நேரம்²)

20 × 8 = 160. அதிலிருந்து ½ × 4 × 64, அதாவது 128 கழிந்தால் 32 மீட்டர். விடை பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கிறது. எண் பெரிதுமில்லை, சிறிதுமில்லை, கழித்தல் குறியும் இல்லை. சந்தேகப்பட எந்தக் காரணமும் தெரியாததால்தான் இது ஆபத்தான விடை.

இப்போது 8-ஆவது வினாடியில் பஸ்ஸின் வேகம் என்ன என்று பாருங்கள். 20 − (4 × 8) = −12 மீ/வி. பஸ் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது! எந்த பஸ்ஸும் பிரேக் போட்டதால் ரிவர்ஸில் போனதில்லை. உண்மையில் அது 5-ஆவது வினாடியிலேயே நின்றுவிட்டது. அதுவரை சென்ற தூரம் 100 − 50 = 50 மீட்டர். மீதி 3 வினாடிகளும் அது அங்கேயேதான் நிற்கிறது. சரியான விடை 50 மீட்டர். சூத்திரமோ பஸ்ஸை 50 மீட்டர் வரை கொண்டுபோய், அங்கிருந்து 18 மீட்டர் பின்னுக்கு இழுத்து, 32-இல் விட்டிருக்கிறது.

ஆனால் கல் மட்டும் ஏன் திரும்பி வருகிறது?

நன்றாகப் படிக்கும் மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். கேட்கவும் வேண்டும். 20 மீட்டர் உயர மொட்டை மாடியின் விளிம்பிலிருந்து 15 மீ/வி வேகத்தில் செங்குத்தாக மேலே எறிந்த கல்லும் உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே? அங்கேயும் சூத்திரத்தை நிறுத்திவிட வேண்டுமா?

வேண்டாம். பஸ்ஸின் வேகத்தைக் குறைப்பது உராய்வு. சமதளச் சாலையில் உராய்வு இயக்கத்தை எதிர்க்க மட்டுமே செய்யும். இயக்கம் நின்ற கணத்தில் எதிர்ப்பும் நின்றுபோகும். கல்லின் வேகத்தைக் குறைப்பது புவியீர்ப்பு. கல் மேலே போனாலும், உச்சியில் நின்றாலும், கீழே வந்தாலும் புவியீர்ப்பு அதே அளவில், அதே திசையில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. உச்சியில் கல்லின் திசைவேகம் சுழி. முடுக்கம் சுழி அல்ல.

ஆக, வேகம் சுழியாவதால் மட்டும் சூத்திரத்தின் கட்டம் முடிவதில்லை. முடுக்கத்தை உண்டாக்கும் காரணம் மாறும்போதுதான் முடிகிறது. இயக்கக் கணக்குகளில் இதைவிட முக்கியமான வரி இல்லை என்பது என் கருத்து. பாடநூலில் இது தனியாக எழுதப்பட்டிருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

கல் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மேல்நோக்கிய திசையைக் கூட்டல் குறி என்று வைத்தால், தரை −20 மீட்டரில் இருக்கிறது.

−20 = 15 × நேரம் − 5 × நேரம்²

இதை ஐந்தால் வகுத்துச் சீர்செய்தால், நேரம்² − 3 × நேரம் − 4 = 0. விடைகள் 4 வினாடி, −1 வினாடி. மேலே போவதையும் கீழே வருவதையும் தனித்தனியாகப் பிரித்தாலும் இதே விடைதான்: ஏற 1.5 வினாடி, மாடிக்கு மேல் 11.25 மீட்டர் உயரம், அங்கிருந்து 31.25 மீட்டர் விழ 2.5 வினாடி, மொத்தம் 4. பிரிப்பது தவறில்லை, தேவையில்லை. அவ்வளவுதான்.

−1 வினாடியைப் பலரும் காரணம் கேட்காமல் அடித்துவிடுகிறார்கள். அதற்கும் பொருள் உண்டு. இதே கல்லைத் தரையிலிருந்து யாராவது எறிந்து, அது மாடி விளிம்பைத் தாண்டும்போது சரியாக 15 மீ/வி வேகத்தில் இருந்திருந்தால், அது தரையைவிட்டுக் கிளம்பியது ஒரு வினாடிக்கு முன்னால் என்று சமன்பாடு சொல்கிறது. நம் கல் அந்த நேரத்தில் எறிபவரின் கையில் இருந்தது. ஆகவே அந்த விடை நமக்கு ஆகாது.

ஒரு வினாடியின் விலை

கட்டத்தைத் தவறவிடுவது தேர்வில் இரண்டு மதிப்பெண்ணோடு போய்விடும். சாலையில் அப்படிப் போகாது. அதே பஸ், அதே 20 மீ/வி. 60 மீட்டர் முன்னால் ஒரு லாரி பழுதாகி நிற்கிறது. பிரேக் போட்டால் பஸ் 50 மீட்டரில் நிற்கும் என்று பார்த்தோம். அப்படியானால் 10 மீட்டர் மிச்சம் வைத்து நின்றுவிடுமா?

ஓட்டுநரின் கண் லாரியைப் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கும்வரை ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். அந்த ஒரு வினாடி தனிக் கட்டம். அப்போது முடுக்கம் சுழி. பஸ் அதே வேகத்தில் 20 மீட்டர் போய்விடுகிறது. பிரேக் பிடிக்க மீதியிருப்பது 40 மீட்டர் மட்டுமே. அந்த 40 மீட்டரின் முடிவில்:

இறுதி வேகம்² = 400 − (2 × 4 × 40) = 80

இறுதி வேகம் ஏறத்தாழ 9 மீ/வி. அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் லாரியின் பின்புறம் மோதுகிறது. முதல் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காதவருக்கு விபத்து நடக்கவில்லை, சேர்த்தவருக்கு நடந்திருக்கிறது. பயணிகள் இரண்டாவது கணக்கில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெப்பக் கணக்கில் இதே பொறி

எளிய எண்ணோடு தொடங்குவோம். 20 டிகிரி செல்சியஸில் 200 கிராம் நீர். அதில் 0 டிகிரியில் இருக்கும் 100 கிராம் பனிக்கட்டியைப் போடுகிறோம். பாத்திரமோ காற்றோ வெப்பத்தை எடுக்கவில்லை. இறுதி வெப்பநிலை என்ன?

வழக்கமாக எழுதும் சமன்பாடு, ‘நீர் இழந்த வெப்பம் = பனிக்கட்டி பெற்ற வெப்பம்’. பனிக்கட்டி முழுதும் உருகி, பிறகு அந்த உருகிய நீரும் சூடேறுவதாக எழுதி, இறுதி வெப்பநிலையைத் தீர்த்தால் கிடைப்பது −13.3 டிகிரி. இருபது டிகிரியில் இருந்த நீரையும் சுழி டிகிரியில் இருந்த பனிக்கட்டியையும் கலந்தால் இரண்டையும்விடக் குளிர்ந்த ஒன்று வருகிறதாம். அதுவும் −13 டிகிரியில் திரவ நீராக! இறுதி வெப்பநிலை எப்போதும் ஆரம்ப வெப்பநிலைகள் இரண்டுக்கும் இடையில்தான் இருக்க முடியும். வெளியே போனால் எங்கோ நாம் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதியிருக்கிறோம்.

இந்த வகைக் கணக்கை வீட்டு வரவுசெலவு போலப் போடுவது நல்லது. முதலில் கையிருப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பிறகு செலவுகளை வரிசையாக, ஒவ்வொன்றாக, கட்டுப்படியாகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

கையிருப்பு: 200 கிராம் நீர் 20 டிகிரியிலிருந்து 0 வரை குளிர்ந்தால் தரக்கூடிய வெப்பம் 0.2 × 4,200 × 20 = 16,800 ஜூல். செலவு: 100 கிராம் பனிக்கட்டி முழுதும் உருக 0.1 × 3,36,000 = 33,600 ஜூல். கையிருப்பு போதவில்லை. சரியாகப் பாதிதான் இருக்கிறது. ஆகவே 50 கிராம் உருகும், 50 கிராம் பனிக்கட்டியாகவே மிதக்கும், வெப்பநிலை 0 டிகிரி. சமன்பாட்டைத் தீர்க்கவே தேவையிருக்கவில்லை.

இன்னொன்று, இம்முறை மூன்று கட்டம். 30 டிகிரியில் 300 கிராம் நீர். உறைபெட்டியிலிருந்து எடுத்த, −10 டிகிரியில் இருக்கும் 100 கிராம் பனிக்கட்டி. பனிக்கட்டியின் தன்வெப்ப ஏற்புத்திறன் 2,100 ஜூல். நீருக்கு இருப்பதில் பாதி.

1. கையிருப்பு: 0.3 × 4,200 × 30 = 37,800 ஜூல்.
2. பனிக்கட்டியை −10 டிகிரியிலிருந்து 0 வரை கொண்டுவரச் செலவு: 0.1 × 2,100 × 10 = 2,100. மீதி 35,700.
3. உருக்கச் செலவு: 33,600. மீதி 2,100. இம்முறை கட்டுப்படியாகிவிட்டது.
4. இப்போது கையில் 0 டிகிரியில் 400 கிராம் நீர் இருக்கிறது. மீதமுள்ள 2,100 ஜூலை 0.4 × 4,200 = 1,680 ஆல் வகுத்தால் 1.25 டிகிரி.

எண்களைக் கவனியுங்கள். பனிக்கட்டியைப் பத்து டிகிரி சூடேற்ற 2,100. அதே பனிக்கட்டியை உருக்க 33,600. பதினாறு மடங்கு. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கும் வெப்பம், அதே ஒரு கிலோ நீரைச் சுழியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகப் போதும். உருகும் கட்டத்தை மறந்தால் விடை இவ்வளவு மோசமாக விலகுவதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கட்டம் மனிதக் கண்ணுக்கும் நெடுங்காலம் தப்பியே இருந்தது. பனிக்கட்டி உருகுநிலைக்கு வந்துவிட்டால், இன்னும் சிறிது வெப்பம் சேர்த்தாலே முழுதும் நீராகிவிடும் என்றுதான் நினைத்தார்கள். 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் அதை மறுத்தார். அப்படியிருந்தால் வசந்தம் வந்ததும் மலைப்பனி முழுதும் ஒரே மூச்சில் உருகி ஊர்களை வெள்ளத்தில் மூழ்கடித்திருக்கும் என்றார். பனி வாரக்கணக்கில் மெதுவாகக் கரைவதற்கு, வெப்பமானியில் தெரியாமல் உள்ளே போகும் வெப்பம் காரணம். வெப்பமானி அசையாததால் எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பேனாவைத் தொடும் முன்

1. நிகழ்வை ஒரு கோடாக வரைந்து, எது எங்கே மாறுகிறது என்று குறியுங்கள். பிரேக் போட்ட இடம், நின்ற இடம், உருகத் தொடங்கும் புள்ளி, உருகி முடியும் புள்ளி.
2. ஒவ்வொரு துண்டுக்கும் எந்தச் சூத்திரம் என்று தனியாக எழுதுங்கள். ஒரு துண்டின் முடிவுதான் அடுத்த துண்டின் தொடக்கம்.
3. மணிக்குக் கிலோமீட்டர், கிராம் எல்லாவற்றையும் முதலிலேயே மாற்றிவிடுங்கள். டிகிரி செல்சியஸ் வித்தியாசமும் கெல்வின் வித்தியாசமும் ஒன்றே. அங்கே 273 கூட்ட வேண்டியதில்லை.
4. விடை வந்த பிறகு அதைக் கொண்டு இன்னொரு அளவைக் கணக்கிடுங்கள். பஸ்ஸின் தூரம் கேட்டால் வேகத்தைப் பாருங்கள். வெப்பநிலை கேட்டால் அந்த வெப்பநிலையில் பொருள் திண்மமா, திரவமா என்று பாருங்கள்.

நிறை கொடுக்கவில்லையே?

இரண்டு அத்தியாயங்களும் சேரும் இடத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. 27 டிகிரியில் உள்ள ஈயக் குண்டு 300 மீ/வி வேகத்தில் ஒரு கவசத் தகட்டில் மோதி நிற்கிறது. அதன் இயக்க ஆற்றல் முழுதும் வெப்பமாகிக் குண்டிலேயே தங்கினால் என்னவாகும்? குண்டின் நிறை கொடுக்கப்படவில்லை. பலர் இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

நிறை தேவையில்லை. இயக்க ஆற்றல் நிறைக்கு நேர்விகிதம். சூடேற்றும் செலவும் நிறைக்கு நேர்விகிதம். இரண்டு பக்கமும் அது அடிபட்டுப்போகும். ஒரு கிலோவுக்கு என்று கணக்குப் போட்டால் போதும். ½ × 300² = 45,000 ஜூல். ஈயத்தின் தன்வெப்ப ஏற்புத்திறன் சுமார் 130. வகுத்தால் 346 டிகிரி உயர்வு. 27-உடன் கூட்டினால் 373 டிகிரி.

மேலே சொன்ன நான்காவது சோதனையைச் செய்யுங்கள். ஈயம் உருகுவது 327 டிகிரியில். விடை அதைத் தாண்டிவிட்டது. அப்படியானால் வழியில் ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது. 327 வரை சூடேற 300 × 130 = 39,000 ஜூல். மீதி 6,000. ஈயத்தை உருக்கக் கிலோவுக்குச் சுமார் 25,000 தேவை. ஆகவே குண்டில் ஏறத்தாழ கால்பங்கு உருகும். வெப்பநிலை 327-ஐத் தாண்டாது.

அருவியும் மலைப்பாதையும்

இயக்கம் வெப்பமாகும் என்பதை எண்ணோடு நிறுவியவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். இப்போது ஆற்றலின் அலகே அவர் பெயரில்தான் இருக்கிறது. 1845-இல் அவர் எழுதிய ஒரு மதிப்பீடு: 160 அடி உயரத்திலிருந்து விழும் நயாகராவின் நீர், அடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாகியிருக்க வேண்டும். நீங்களும் சரிபார்க்கலாம். இங்கேயும் நிறை அடிபட்டுப்போகும். புவியீர்ப்பு முடுக்கத்தை உயரத்தால் பெருக்கி 4,200 ஆல் வகுத்தால் போதும். ஒரு டிகிரி செல்சியஸ் உயர 420 மீட்டர் விழ வேண்டும். கர்நாடகத்தின் ஜோக் அருவி 253 மீட்டர்; 0.6 டிகிரி. வழியில் காற்றும் சாரலின் ஆவியாதலும் குறுக்கிடுவதால் நேரில் அளந்தால் இந்த எண் அப்படியே கிடைக்காது.

அந்தக் குறுக்கீட்டை எப்போது ஒதுக்கலாம், எப்போது ஒதுக்கக் கூடாது? நம் பஸ்ஸுக்கே திரும்பலாம். அதன் நிறை 10,000 கிலோ, பிரேக் டிரம்கள் மொத்தம் 200 கிலோ இரும்பு, இரும்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் 450 என்று கொள்வோம். 20 மீ/வி வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் 20 லட்சம் ஜூல் வெப்பம். டிரம்களின் வெப்பநிலை 22 டிகிரி உயரும். ஐந்து வினாடியில் நடந்து முடிவதால், வெப்பம் டிரம்மிலேயே தங்கியது என்ற அனுமானத்தில் பெரிய பிழையில்லை.

அதே பஸ் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது. உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். கீழே வந்து சேரும்போது வேகம் கூடியிருக்கக் கூடாது என்றால், இழந்த நிலை ஆற்றல் முழுதும், அதாவது 10,000 × 10 × 1,900 = 19 கோடி ஜூல், எங்காவது வெப்பமாக வெளியேறியாக வேண்டும். அவ்வளவும் பிரேக் டிரம்களில் தங்கினால் வெப்பநிலை உயர்வு 2,100 டிகிரிக்கு மேல். இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிவிடும். இந்த விடை நடக்க முடியாதது. ஆனால் பயனற்றது அல்ல. ‘வெப்பம் டிரம்மிலேயே தங்குகிறது’ என்ற அனுமானம் மலைப்பாதையில் செல்லாது என்று அது சொல்கிறது.

இறங்க இரண்டு மணி நேரம், அதாவது 7,200 வினாடி ஆகிறது என்றால், வெளியேற வேண்டிய வெப்பம் சராசரியாக வினாடிக்குச் சுமார் 26,000 ஜூல். டிரம்கள் காற்றில் இழக்கும் வெப்பம் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் அவை சூடேறிக்கொண்டே போகும். சூடேறினால் பிரேக் பட்டையின் பிடிப்பு குறையும். ஓட்டுநர் இன்னும் அழுத்தி மிதிப்பார், பஸ் நிற்காது. ‘குறைந்த கியரில் இறங்கவும்’ என்று மலைப்பாதைகளில் பலகை வைப்பது இதனால்தான். குறைந்த கியரில் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றுகின்றன. அதன் உள்ளுராய்விலும், காற்றை இழுத்துத் தள்ளும் வேலையிலும் ஆற்றலின் ஒரு பெரும் பங்கு செலவாகி, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. டிரம்களின் பங்குக்கு வருவது, காற்று குளிர்வித்துவிடக்கூடிய மீதி மட்டுமே.